சந்தனம் வைத்த ஜாக்கி

1969ஆம் ஆண்டு அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். மதியம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை நின்றிருந்தது. காற்று துளியும் இல்லை. மண்ணிலிருந்து ஆவி கிளம்பிப் புழுங்கியது. மேற்கே அடுத்த மழை கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை. எனக்கு ஒன்பது வயது.

இதெல்லாம் எப்படி நினைவிருக்கிறது என்று என் மனைவி கேட்பாள். நான் எண்ணிக்கொண்டே வளர்ந்த பிள்ளை. பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன். பயம் எப்போதும் வந்துகொண்டிருந்ததால் எப்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று அறுபத்தைந்து வயதாகிறது, இரண்டு வழக்கமும் விட்டபாடில்லை. போன மாதம் என் மகன் தன்னுடைய சின்ன லாரிக்கு ஷாக் அப்சார்பர் மாற்ற உத்திரமேரூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். துணைக்கு நானும் போனேன். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு பையன் அடியில் நுழைந்ததும், "டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், டீக்கடையையும் தாண்டிப் போய் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்துவிட்டேன். மகன் இரண்டு நாள் பேசவில்லை. அவனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பான்.

மானாம்பதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெற்களம். அதன் ஓரத்தில் எங்கள் லாரி நிற்கும். ஒன்றரை ஏக்கர் நன்செயை விற்று அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய, மூக்கு நீண்ட பழைய வண்டி. சுற்று வட்டாரத்து நெல்லை ஏற்றிக்கொண்டுபோய் வாலாஜாபாத் ரைஸ் மில்களில் இறக்குவதுதான் பிழைப்பு. ஓட்டுவது சித்தப்பா. ரிப்பேர் பார்ப்பதும் அவரே. அப்பா வரவு செலவு பார்ப்பார், மில்காரர்களிடம் பேசுவார், சித்தப்பாவைத் திட்டுவார். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் 'நைனா'தான்.

அந்த வருஷம் வண்டியின் முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் தேய்ந்து, எண்ணெய் ஒழுகி, செத்துப்போயின. பள்ளத்தில் இறங்கி ஏறும் வண்டி ஒரு குலுக்கலோடு அடங்கவேண்டும். எங்களுடையது அடங்காமல் ஆடிக்கொண்டே போகும். சித்தப்பா முன் பம்பர்மேல் ஏறி ஒரு குதி குதித்துவிட்டு இறங்குவார். வண்டி எத்தனை தரம் ஆடுகிறது என்று நான் எண்ணிச் சொல்லவேண்டும். நல்ல வண்டி ஒரு தரம் எழுந்து நின்றுவிடுமாம். எங்களுடையது ஆறு தரம் ஆடியது.

"வண்டியா நைனா இது? தூளி. தாலாட்டு பாடினா நெல்லு மூட்டை தூங்கிடும்" என்றார் சித்தப்பா.

நான் சிரித்தேன். அதற்கு அடுத்த வாரம் பாலாற்றுத் தரைப்பாலத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில், முன்சக்கரம் துள்ளித் துள்ளி, ஸ்டியரிங் கைக்கு அடங்காமல், இடது சக்கரம் விளிம்புக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கீழே ஆற்றில் செந்நிறத் தண்ணீர். வீட்டுக்கு வந்த சித்தப்பா சாப்பிடாமல் கை கழுவிவிட்டு, "இத்த மாத்தாம இனி லோடு ஏத்தமாட்டேன்" என்றார். தூளி ஜோக்கை அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை.

சென்னைக்குச் சொல்லி அனுப்பிய ஷாக்குகள் சனிக்கிழமை இரவுதான் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. செவ்வாய்க்கிழமை காலை மில்லுக்கு லோடு. கிளீனர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான். சித்தப்பா காலையில் தனியாக உட்கார்ந்து வலது பக்கத்து ஷாக்கை மாற்றி முடித்தார். இடது பக்கம் ஆரம்பிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, பக்கத்திலேயே எங்கள் வீட்டு நெல் குத்தும் கல் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பலகை வைத்து முட்டுக் கொடுத்தார். ஜாக்கி நழுவினாலும் உரல் தாங்கும் என்பது ஏற்பாடு. பிறகு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தார். மேல் நட்டு வந்துவிட்டது. கீழ் நட்டு துருப்பிடித்து அசையமாட்டேன் என்றது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு சட்டம் இருந்தது. வீட்டில் உள்ள எந்தக் கருவியும் பூஜைக்கு வராமல் இருக்கக் கூடாது. விடுபட்ட ஆயுதம் கோபித்துக்கொண்டு அந்த வருஷத்துக்குள் ரத்தம் பார்த்துவிடும் என்று அப்பா நம்பினார். ஒரு வருஷம் கடப்பாரையை மறந்துவிட்டார்களாம். தை மாதம் அது அப்பாவின் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. அந்த நகம் கடைசிவரை கறுப்பாகத்தான் இருந்தது. இன்னொரு சட்டமும் உண்டு. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை மறுபூஜை செய்யாமல் தொடக் கூடாது. தொட்டால் தொட்ட கைக்கும் ஆகாது, அதை வைத்துச் செய்கிற வேலையும் விளங்காது.

கூடத்தில் பலகை போட்டு எல்லாவற்றையும் அடுக்கும் வேலை எனக்கு. மண்வெட்டி, அரிவாள், அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்பானர்கள், சுத்தியல், அப்பாவின் பேனாகூட. முப்பத்திரண்டு இருக்கவேண்டும். எண்ணினால் இருபத்தொன்பதுதான் வந்தது. ஜாக்கி, அதன் ராடு, ஒரு ஸ்பானர், மூன்றும் சித்தப்பாவிடம் இருந்தன.

நாலரை மணிக்கு ராகுகாலம். அதற்குள் கற்பூரம் காட்டிவிடவேண்டும். அப்பா புதிதாகக் கட்டியிருந்த பட்டு வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு களத்துக்கு வந்தார். நான் பின்னால் போனேன்.

"டேய், மணி நாலாச்சி. வெளிய வா."

லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் தெரிந்தது. "ஒரே ஒரு நட்டுண்ணா. கழட்டிட்டு வந்துடறேன்."

"உன் நட்டுக்காக ராகுகாலம் நின்னுக்கினு இருக்குமா?"

"இந்த நட்டு ராகுகாலத்துக்காகத்தான் நின்னுக்கினு கீதுண்ணா. அதான் வரமாட்டேங்குது."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. ஸ்பானரு, ஜாக்கி ரெண்டையும் குடு."

"ஸ்பானரு வோணும்ணா. அத்த நாளைக்கித் தனியா கும்பிட்டுக்கலாம்."

"ஜாக்கியாவது குடு. உரலுதான் தாங்கிக்கினு கீதே."

"அத்த எடுக்காதண்ணா. மண்ணு ஈரமா கீது."

"அப்ப வெளிய வாடா!"

"வர்றேன்னு சொல்றேன்ல!"

வரவில்லை. அப்பா குனிந்தார். ஜாக்கியை எப்படி இறக்குவது என்று அப்பாவுக்குத் தெரியும். வண்டி வேலையில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ராடைச் சுற்றினார். ஆக்சில் மெதுவாக இறங்கிப் பலகைமேல் உட்கார்ந்தது. உரல் அசையவில்லை. அப்பா ஜாக்கியை இழுத்துக்கொண்டு, உரலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டுவதுபோல.

"பாரு, கல்லு மாதிரி கீது" என்றார்.

"கல்லுதாண்ணா அது" என்றது லாரிக்கு அடியிலிருந்து வந்த குரல்.

அம்மா சமையலறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஜாக்கியைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். மற்றவற்றுக்கெல்லாம் விரல் நுனியால் ஒரு பொட்டு. ஜாக்கியின் தலைக்கு மட்டும் கட்டைவிரலால் அப்பியதுபோல் ஒரு பெரிய சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவந்திப்பூ. "இதுதான எல்லாத்தையும் சொமக்குது" என்றாள். ராடு அரிவாள்மணைக்கும் கடப்பாரைக்கும் நடுவில் போயிற்று. முப்பத்தொன்று. ஒரு ஸ்பானர் குறைந்ததை அப்பா கவனித்தார். நானும் கவனித்தேன். இந்த வருஷம் ரத்தம் பார்க்கப்போவது அந்த ஸ்பானர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பொரி மூட்டையின் தையலை எண்ண ஆரம்பித்தேன்.

நாலு இருபதுக்குப் பூஜை தொடங்கியது. சித்தப்பா வரவில்லை. அவருக்குக் கேட்கட்டும் என்று அப்பா கோபத்தோடு மணி அடித்தார். சாமிக்கு அந்த மணி எப்படிக் கேட்டதோ. அவ்வளவு சத்தத்தில் களத்தில் என்ன நடந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. கற்பூரம் காட்டி முடித்து, எல்லோரும் ஒற்றிக்கொண்ட பிறகு அப்பா தட்டை என்னிடம் கொடுத்தார்.

"அவன் வரமாட்டான். அவனண்ட கொண்டுபோய்க் காட்டு. லாரிக்குக் கீழயே கும்பிட்டுக்கட்டும், தொரை."

எரிகிற கற்பூரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். அதே இரண்டு கால். ஆனால் முன்பு மடங்கியிருந்த கால்கள் இப்போது நேராக நீண்டிருந்தன. நான் குனிந்து தட்டை நீட்டினேன்.

"சித்தப்பா, கற்பூரம்."

பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மிகவும் மெதுவாக, "நைனா, அங்கயே நில்லு. தட்ட கிட்ட கொண்டாராத. மண்ணெண்ண கொட்டிக் கீது" என்றார்.

அப்போதுதான் வாசனையை உணர்ந்தேன். அப்போதுதான் உரலையும் பார்த்தேன். கவிழ்ந்திருந்த உரலின் வாய் ஒரு பக்கம் மண்ணைக் கடித்து இறங்கி, உரலே சாய்ந்துவிட்டிருந்தது. பலகை நழுவிக் கிடந்தது. சக்கரம் கழற்றிய இடத்திலிருந்த பிரேக் டிரம் ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தது. ஆக்சிலில் ஸ்பிரிங் பட்டைகளைக் கட்டுகிற இரும்புத் தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே சித்தப்பாவின் இடது முழங்கை போனது. அதற்கப்பால் கை தெரியவில்லை.

"அப்பாவ இட்டுக்கினு வா. ஓடாத, தட்டு கையில கீது. கத்தாத, அம்மா பயப்படுவாங்க."

நான் அசையவில்லை. இன்றுவரை என் கனவில் வருவது உரலோ கையோ அல்ல, அந்தத் தட்டுதான். கற்பூர ஆரத்தியை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. கீழே வைக்கலாம் என்றால் களம் முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. முன்னால் போகக் கூடாது. திரும்பினால் சித்தப்பாவுக்கு முதுகைக் காட்டவேண்டும், காட்டிய நிமிடத்தில் வண்டி இன்னும் இறங்கிவிடும் என்று தோன்றியது. என் பார்வைதான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு எண்ணம். சுடர் காற்றில்லாமல் நேராக நின்று எரிந்தது.

"போ நைனா. அது இன்னும் எறங்கிக்கினேதான் கீது."

முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்தேன். களத்தைத் தாண்டியதும் ஓடினேன். கற்பூரம் புறங்கையில் சுட்டது, தட்டை விடவில்லை. கூடத்தில் அதைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, "சித்தப்பா கை உள்ள மாட்டிக்கிச்சி" என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வாய் திறந்து சத்தம் வராமல் இருந்திருக்கவும் கூடும், ஏனென்றால் அப்பா என் முகத்தைப் பார்த்ததுமே ஓடினார். கொதிக்கிற சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு ஓடினாள்.

"எந்தக் கைடா?" அப்பா மண்டியிட்டுக் கேட்டார்.

"எடது."

"இழுக்க முடியலியா?"

"முடிஞ்சா உன்ன எதுக்கு அழைக்கறேன்? ஜாக்கிய கொண்டாண்ணா. சீக்கிரம். டிரம்மு மண்ணுல போய்க்கினே கீது."

அப்பா எழுந்தார். ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். பிறகு வீட்டுக்குள் ஓடி, பூவும் பொட்டுமாக இருந்த ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து வைத்த பிறகுதான் ராடு இல்லை என்று தெரிந்தது.

"ராடு! டேய், ராடு எங்க வெச்ச?"

அரிவாள்மணைக்கும் கடப்பாரைக்கும் நடுவில். அடுக்கியவன் நான்தானே. ஓடினேன். கூடத்தில் யாரும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் நாலு முப்பத்திரண்டு காட்டியது. ராகுகாலம் பிறந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பூஜைப் பலகையில் கை வைக்கவேண்டும். தொட்ட கைக்கு ஆகாது. என் இரண்டு கைகளையும் பார்த்தேன். எது போனால் பரவாயில்லை என்று யோசித்து, எழுதாத இடது கையால் ராடை எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா ஆக்சிலுக்கு அடியில் சுண்டல் கரண்டியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஜாக்கி நுழைய இடம் போதவில்லை. மண்வெட்டி பூஜையில் இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, பேசிக்கினே இருங்க தம்பி" என்றாள்.

"இன்னா பேசறது அண்ணி? சுண்டலுக்கு உப்பு போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள். போடவில்லை என்பது ராத்திரி தெரிந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேலியைத் தாண்டி வந்துவிட்டார். பார்த்தார். ஜாக்கியின் பொட்டைப் பார்த்தார். "ஏம்பா, பூஜைல வெச்சத எடுத்துட்டியா? ராகுகாலம் வேற பொறந்துட்ச்சே" என்றார்.

"கை குடுக்கறதா இருந்தா வாண்ணா. இல்லாட்டி வூட்டுக்குப் போ" என்றார் அப்பா. அவரிடம் அப்பா அப்படிப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெரியப்பா வந்து பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளத்தில் பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினார் அப்பா. ராடைச் சுற்றினார். ஜாக்கியின் தலை எழுந்து ஆக்சிலைத் தொட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். டிரம் மண்ணிலிருந்து ஒரு விரல்கடை எழுந்தது. நாலு, ஐந்து. அம்மா மூச்சு விட்டாள்.

ஆறாவது சுற்றில் ஜாக்கியின் தலை வழுக்கியது. கட்டைவிரலால் அப்பிய சந்தனம், காயாத சந்தனம். பூ நசுங்கி, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே சவுக்காரம்போல் ஆகி, ஆக்சில் சட்டென்று நழுவி இறங்கியது.

அதுவரை சத்தமே போடாத சித்தப்பா ஒரே ஒரு தரம், "ண்ணா!" என்றார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொன்னபடி நடக்கிறது. எடுத்த பொருளால் செய்கிற வேலை விளங்காது. இனி எத்தனை தரம் வைத்தாலும் வழுக்கும். சித்தப்பா அந்த மண்ணுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவார். எண்ணுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே கால்சட்டை நனைந்தது.

அப்பா ஜாக்கியை வெளியே பிடுங்கினார். பூவைப் பிய்த்து எறிந்தார். பட்டு வேட்டியின் முனையை எடுத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தி அழுத்தித் துடைத்தார். பூஜைப் பொட்டை ஒருவர் அழிப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா அதைச் செய்யும்போது சாமி பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏதோ ஒரு குழந்தையின் மூக்கைச் சிந்தித் துடைப்பவர்போல் துடைத்தார்.

"கோணி... கோணித்துண்டு மேல வைண்ணா" என்றது அடியிலிருந்து குரல். முதலில் இருந்த குரல் இல்லை அது.

அம்மா சாக்கைக் கிழித்துக் கொடுத்தாள். ஜாக்கியின் தலையில் சாக்குத் துண்டை மடித்து வைத்து, அப்பா மறுபடி சுற்றினார். நான் எண்ணவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணை மூடித் திறந்தேன். டிரம் மண்ணை விட்டு எழுந்தது. தகடு எழுந்தது. அம்மாவும் பெரியப்பாவும் சித்தப்பாவின் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர் முதுகு மண்ணில் உரசிக்கொண்டு வெளியே வந்தது. கடைசியாகக் கையும் வந்தது, மண்பூசிய ஏதோ பொருள்போல.

அந்த ஈர மண்தான் உரலைச் சாய்த்தது. அந்த ஈர மண்தான் கையை நசுங்கவிடாமல் தனக்குள் வாங்கிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. உத்திரமேரூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். ரத்தம் ஒரு துளிகூட வரவில்லை. பூஜைக்கு வராத அந்த ஸ்பானரை மறுநாள் நானே தேடி எடுத்துக் கழுவிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

அன்று ராத்திரி வீட்டில் கூட்டம். பெரியப்பா வந்தவர்களுக்கெல்லாம் தான் எப்படிப் பம்பரைத் தாங்கிப் பிடித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஜாக்கிய யாருப்பா எடுத்தது?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார்.

அதற்குள் சித்தப்பா, "நான்தான் எடுத்துக்கோன்னேன். அண்ணன் வேணாம் வேணாம்னுச்சி. என் திமிரு" என்றார்.

அது பொய். நான் அங்கே இருந்தேன். "இல்ல சித்தப்பா, நீதான எடுக்காதன்னு..." என்று ஆரம்பித்தேன். சித்தப்பா நல்ல கையால் தட்டிலிருந்து ஒரு பிடி உப்பில்லாத சுண்டலை அள்ளி என் வாயில் திணித்தார். "நைனா எண்ணி எண்ணிக் களைச்சிட்டான், துன்னட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் எழுந்து களத்துப் பக்கம் போய்விட்டார். பண்டிகை நாளில் பொய் சொன்னால் இன்னும் என்ன நடக்குமோ என்று நான் விடியும்வரை தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லோடு போகவில்லை. புதன்கிழமை ஆள் வந்து இடது பக்கத்து ஷாக்கை மாட்டினார். சித்தப்பா கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து பம்பரைக் காலால் அழுத்திவிட்டார். வண்டி ஒரு தரம் எழுந்தது, நின்றது. எனக்கு எண்ண ஒன்றுமில்லாமல் போயிற்று.

கட்டுப் பிரிக்க நாற்பது நாள் ஆகும் என்றார்கள். லாரியில் கியரைப் போடுவது இடது கைதான். மில்காரர் ஒரு டிரைவரை அனுப்பிவைத்தார். நல்ல ஆள், நடைக்கு ஐந்து ரூபாய். அப்பா அவருக்குக் காபி கொடுத்து, ஊர் விஷயம் பேசி, பஸ்ஸுக்குக் காசும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை சித்தப்பா ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார, இடது பக்கத்தில் அப்பா ஏறி உட்கார்ந்தார். அப்பாவுக்கு லாரி என்றாலே வாந்தி வரும். மடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

சித்தப்பா கிளட்ச்சை மிதித்து, "ரெண்டு" என்பார். அப்பா இரண்டு கையாலும் கியர்க் கம்பியைப் பிடித்து இழுப்பார். வண்டி கத்தும். "அது ரெண்டு இல்லண்ணா, ரிவர்ஸு" என்பார் சித்தப்பா. "வாய மூடிக்கினு ரோட்ட பாருடா" என்பார் அப்பா. ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துப்போனார்கள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பாலாற்றுத் தரைப்பாலத்தில் ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வண்டி துள்ளவில்லை. பாதியில் பயந்து பயந்து ஒரு கண்ணைத் திறந்தேன். கியர் மாற்ற ஒன்றும் இல்லாத அந்த நீட்டுப் பாலத்திலும் அப்பாவின் கை கியரின் தலைமேலேயே இருந்தது. உதடு வெளுத்திருந்தது. எலுமிச்சம்பழத்தை முகரக்கூட அவர் கையை எடுக்கவில்லை. சித்தப்பா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா கஞ்சன் என்று ஊரில் சொன்னார்கள். கை ஒடிந்த தம்பியை ஓட்டவைத்துக் கூலியை மிச்சம் பிடிக்கிறான் என்று பெரியப்பாவே சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன். கட்டுப் பிரித்த அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஷாக் இரண்டும் தொண்ணூற்றாறு ரூபாய், ரப்பர் புஷ் மூன்றரை, ஆஸ்பத்திரிக்கும் போக வரவும் இருபத்திரண்டு, மாட்டிய ஆளுக்கு ஆறு, விளிம்பு உடைந்துபோன உரலுக்குப் பதில் புது உரல் பதினாலு. ஆகமொத்தம் நூற்று நாற்பத்தொன்றரை. அதில் இருபத்தாறு நடைக்குக் கொடுக்காமல் மிஞ்சிய டிரைவர் கூலி நூற்று முப்பதைக் கழித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஆன செலவு பதினோரு ரூபாய் ஐம்பது பைசா.